வாசலுக்கு முதுகு காட்டாத அம்மா

ஒன்பது வருடமாக இதை எழுதாமல் தள்ளிப்போட்டு வந்தேன். மூன்று முறை எழுதக் கொப்பி வாங்கினேன். மூன்று முறையும் ஒரே இடத்தில் வந்து பேனை நின்றுவிட்டது. பயம் ஒரு காரணம், வெட்கம் இன்னொரு காரணம். எது கூட என்று எனக்கே தெரியாது. நான் பெரிதாகப் படித்தவன் அல்ல. ஊரில் பத்தாம் வகுப்போடு நின்றவன். இங்கே டென்மார்க்கில், ஒடென்சே நகரத்தில், பாணும் ரொட்டியும் செய்யும் தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிறேன். காலையில் குளித்துத் திருநீறு பூசாமல் வீட்டை விட்டு இறங்கமாட்டேன், வெள்ளிக்கிழமையில் மீன் இறைச்சி என்று மச்சம் தொடமாட்டேன். என்னைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது. எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் எங்கள் மாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் இருந்த ஜப்பான்காரர். கப்பலில் இயந்திரம் பார்த்த ஒரு டென்மார்க்காரரைக் கட்டி இங்கே வந்தவர். நாங்கள் குடிவந்தபோது அந்த மனிதர் இறந்து பல வருடம். ஆனாலும் கதவில் அவருடைய பெயர்தான் இருந்தது. இந்த நாட்டில் கதவில் பெயர் ஒட்டாவிட்டால் தபால்காரன் கடிதத்தைத் திருப்பிக் கொண்டுபோய்விடுவான். அப்படியிருந்தும் அந்த அம்மா தன் பெயரை ஒட்டவே இல்லை. பெயரை வெளியில் விட்டுவைத்தால் எதுவும் அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே வரலாம் என்று ஒருநாள் எனக்குச் சொன்னார். அதனால் நானும் இங்கே அவருடைய பெயரை எழுதவில்லை.

நாங்கள் பேசியதெல்லாம் டெனிஷில். அதில் பெரியவர் சின்னவர் எல்லோருக்கும் ஒரே சொல்தான். அவர் என்னை 'நீ' என்றதாகவும் நான் அவரை 'நீங்கள்' என்றதாகவும் எழுதுகிறேன். வயதுக்கு அதுதான் மரியாதை.

முதல் நாள் நான் அரிசி மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தேன். அவர் தன் சின்னத் தோட்டத்து வேலியின் படலையடியில் நின்றார். குள்ளமான உருவம், நரைத்துக் கட்டையாக வெட்டிய தலைமயிர், புருஷனுடைய பெரிய கம்பளிச் சட்டை முழங்கால்வரை தொங்கியது.

"நீங்கள் எத்தனை பேர்?" என்று கேட்டார்.

"இரண்டு பேர். நானும் மனைவியும்."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலால் நான் வந்த தெருவை மெதுவாகப் பார்த்தார். பிறகு, "சரி, இரண்டுதான்" என்றார்.

மூட்டையோடு நானும் திரும்பிப் பார்த்தேன். ஈரத் தெரு, பூட்டிய சைக்கிள்கள். வேறு ஒன்றும் இல்லை. ஆனால் ஏன் பார்த்தார் என்ற எண்ணம் மூன்று மாடி ஏறும்வரை முதுகில் ஒட்டிக்கொண்டு வந்தது.

அவர் எந்த வாசலுக்கும் முதுகு காட்டமாட்டார். அதுதான் அவர். பஸ்ஸில் ஏறினால் பின்பக்கம் பார்த்திருக்கும் ஆசனத்தில்தான் இருப்பார், கதவு கண்ணில் படவேண்டும். எல்லோருக்கும் பொதுவான சலவை அறையில் உடுப்புப் போடும்போதும் ஒரு கையால் போட்டுக்கொண்டு கதவைப் பார்த்தபடி பக்கவாட்டில் நிற்பார். எங்கள் வீட்டுக்குத் தேத்தண்ணி குடிக்க வந்த முதல் நாளே, நாங்கள் காட்டிய கதிரையைத் தூக்கித் திருப்பி வைத்துவிட்டு இருந்தார். என் மனைவிக்கு ஒரே சிரிப்பு.

"இஞ்சாருங்கோ, இந்த அம்மா அங்கை சிஐடியிலை இருந்தவவோ?"

"மெல்லக் கதை. விளங்கினாலும் விளங்கும்."

"விளங்கட்டும். இண்டைக்கு மட்டும் என்னை ரெண்டு தரம் எண்ணிப்போட்டா. நான் என்ன ஆட்டுக்குட்டியோ?"

மனைவி சிரித்தாலும் அவரிடம் பிரியம் வைத்திருந்தாள். வடை சுட்டால் முதல் நாலு வடை கீழே போகும். அவரும் தட்டை வெறுமையாகத் திருப்பித் தரமாட்டார்.

அவருடைய தோட்டத்தின் கடைசியில், வேலியோடு, மரத்தால் செய்த ஒரு சின்னக் கோயில் இருந்தது. பெரிய தபால்பெட்டி அளவுதான். நெற்றியில் வைக்கோல் கயிறு, அதில் மடித்த வெள்ளைக் கடுதாசிகள் எங்கள் தோரணம் போலத் தொங்கும். அதற்கு முன்னால் இரண்டு பக்கமும் இரண்டு கல்நாய்கள். நாய் என்று அவர்தான் சொன்னார். எனக்கு அவை எங்கள் கோயில் தூணில் இருக்கும் யாளி போலத்தான் தெரிந்தன. சுருள் பிடரி, உருண்டைக் கண். ஒன்றுக்கு வாய் ஆவென்று திறந்திருந்தது. மற்றது பல்லைக் கடித்து வாயை மூடியிருந்தது. மூடின வாய்க்காரியின் காலடியில் ஒரு குட்டி. மழை நாளில் திறந்த வாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கும். வேலை முடிந்து வரும்போது அதைப் பார்க்காமல் போகத்தான் முயற்சிப்பேன். ஒருநாளும் முடிந்ததில்லை.

ஒருமுறை துணிந்து கேட்டேன். அவர் தன் தகப்பனைப் பற்றிச் சொன்னார். பெரிய நகரம் ஒன்றின் நடுவில் ஒரு கோயிலைப் பார்த்துக்கொண்டவராம். ஒரு பக்கம் இருபது மாடிக் கந்தோர்க் கட்டடம், மறுபக்கம் கார் நிறுத்தும் இடம், தலைக்கு மேலால் ரயில் பாலம். நடுவில் நாலு மரமும் கோயிலும் இரண்டு கல்நாய்களும். காலையில் கழுத்துப்பட்டி கட்டியவர்கள் ரயிலுக்கு ஓடுகிற ஓட்டத்திலும் நின்று, குனிந்து, கை கழுவி, வாய் கொப்பளித்துவிட்டு உள்ளே வருவார்களாம். பாதையின் நடுவில் நடக்கமாட்டார்களாம், நடு சாமிக்குரியது. கந்தோர் கட்ட நிலம் தோண்டியபோது அந்தக் கொம்பனியின் பெரியவர்களே வந்து பூசை செய்து உத்தரவு கேட்டார்களாம்.

"அவ்வளவு பெரிய சாமிக்கு நாய்க் காவல் ஏன்?" என்று கேட்டேன்.

"சாமிக்குக் காவல் இல்லை" என்றார். "மனிதர் வாசலுக்கு வரும்போது தனியாக வருவதில்லை. பின்னால் ஏதாவது தொற்றிக்கொண்டு வரும். அதை உள்ளே விடாமல் நிறுத்தத்தான் இவர்கள். ஒருவர் வாயைத் திறந்து துரத்துவார். மற்றவர் வாயை மூடி, உள்ளே இருக்கும் நல்லதை வெளியே போகவிடாமல் வைத்திருப்பார்."

"இங்கேயும் அப்படி வருமா?"

"இங்கே மனிதர் வருகிறார்கள்தானே" என்றார்.

மனைவி பிள்ளைத்தாய்ச்சியானது கல்யாணமாகிப் பதினோராவது வருடம். மூன்று மாதம் முடியும்வரை ஒருவருக்கும் சொல்வதில்லை என்று இருந்தோம். அவளுடைய தங்கைக்குக்கூடச் சொல்லவில்லை. இரண்டாம் மாதத்தில் ஒரு பின்னேரம் இருவரும் கடைக்குப் போய்விட்டு வந்தோம். அவர் பேரிக்காய் மரத்தடியில் இலை கூட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து எங்களைப் பார்த்தார்.

"இப்போது மூன்று பேர்" என்றார்.

மனைவியின் கையிலிருந்த பை கீழே விழுந்தது. அவர் ஓடிவந்து உருண்ட உருளைக்கிழங்குகளைப் பொறுக்கிக் கொடுத்தார். வீட்டுக்குள் போய் ஒரு சிவப்புத் துணி எடுத்துவந்து, குட்டி வைத்திருக்கும் நாயின் கழுத்தில் கட்டி, மனைவியின் கையைப் பிடித்து அந்தக் குட்டியின் தலையில் வைத்தார். "பிறக்கும்வரை இவள் உன்னையும் பார்ப்பாள்" என்றார்.

எனக்கு மனம் ஆறவில்லை. நாங்கள் பிள்ளையாரை நம்பியிருப்பவர்கள், வேறு தெய்வத்திடம் கையேந்தினால் அவர் கோபிப்பாரோ என்று கோயில் ஐயரிடம் போய்க் கேட்டேன். அவர் யோசித்துவிட்டுத்தான் சொன்னார்.

"கும்பிடுறதிலை ஒரு பிழையும் இல்லைத் தம்பி. ஆனா அவையின்ரை முறை எங்களுக்குத் தெரியாது. தெரியாத இடத்திலை கை வைக்கக் கூடாது, கண்டீரோ."

அதை நான் பாதிதான் காதில் வாங்கினேன்.

ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. மாசி மாதக் குளிர். ஒரு திங்கட்கிழமை அந்த அம்மா படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். அம்புலன்ஸில் ஏற்றும்போது படலைப் பூட்டின் திறப்பை என் கையில் தந்தார். "காலையில் தண்ணீர் மாற்று. ஒரு பிடி அரிசி, கொஞ்சம் உப்பு. பாதையைக் கூட்டு. வேறு ஒன்றும் செய்யாதே." வலியில் முகம் வெளிறியிருந்தது. ஆனாலும் படுக்கையை உள்ளே தள்ளும்போது கால் பக்கமாகத் தள்ளாதே, தலை பக்கமாகத் தள்ளு என்று அந்தப் பொடியங்களோடு சண்டை பிடித்தார். தெரு கண்ணில் படவேண்டுமாம்.

சொன்னபடி செய்தேன். வெள்ளிக்கிழமைவரை.

சனிக்கிழமை வேலை இல்லை. பனி உருகி நல்ல வெயில். கோயிலடியைக் கூட்டிக்கொண்டு நின்றபோது, முதல் நாளிலிருந்தே எனக்குள் உறுத்திக்கொண்டிருந்த விஷயம் கண்ணில் பட்டது. இரண்டு நாயும் சாமிக்குப் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு தெருவைப் பார்த்திருந்தன. எங்கள் கோயிலில் நந்தி சிவனைப் பார்த்திருக்கும், மயில் முருகனைப் பார்த்திருக்கும், எலி பிள்ளையாரைப் பார்த்திருக்கும். வாகனம் சாமிக்குப் பின்புறம் காட்டி எங்கே கண்டோம்? அந்தக் கப்பல்காரப் புருஷன்தான் முறை தெரியாமல் வைத்திருப்பான், பாவம் இந்த அம்மா தனியாகத் தூக்கித் திருப்ப முடியாமல் இவ்வளவு காலமும் விட்டிருப்பார் என்று நினைத்தேன். அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது சரியாக இருந்தால் சந்தோஷப்படுவார் என்றும் நினைத்தேன்.

ஒவ்வொன்றும் ஒரு அரிசி மூட்டைப் பாரம் இருக்கும். அசைத்து அசைத்து இரண்டையும் சாமி பக்கம் திருப்பினேன். பிறகு மூன்று வாளி தண்ணீர் வார்த்து அபிஷேகம் செய்தேன். பாசியெல்லாம் கழன்று போனது. சாம்பிராணி காட்டினேன். மனம் நிறைந்து போயிருந்தது. ஒரு புண்ணியம் செய்தேன் என்று மனைவிக்குச் சொல்லவும் இல்லை, சொன்னால் பலன் குறையும் என்று.

அன்று பின்னேரமே குளிர் இறுகியது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு ஐந்தரை மணிக்குத் திரும்பினேன். இருட்டத் தொடங்கியிருந்தது. வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். மனைவி குசினிக்குள் இருந்து கேட்டாள்.

"ஆரோடை வந்தனீங்கள்?"

"தனியத்தான் வந்தனான்."

"அப்ப ஏன் ரெண்டு பேர் சப்பாத்துக் கழட்டின சத்தம்? நாலு தரம் கேட்டுது. நான் தேத்தண்ணிக்கு ரெண்டு கோப்பை எடுத்து வைச்சிட்டன்."

போய்ப் பார்த்தேன். என் சப்பாத்து இரண்டும்தான் கிடந்தன. பக்கத்தில் ஒரு பாதம் வைக்கும் அளவுக்குத் தரை ஈரமாக இருந்தது. என் சப்பாத்திலிருந்து வடிந்த தண்ணீராகவும் இருக்கலாம். துணி எடுத்துத் துடைத்தேன். "மேல்வீட்டுச் சத்தமப்பா" என்றேன். அவள் நம்பினாள். திங்கட்கிழமை பஸ் தரிப்பிலிருந்து வரும்போது படலையைத் தாண்டினேன். நாய்களின் முதுகுதான் தெரிந்தது. எத்தனையோ நாள் அவற்றின் பார்வைக்குப் பயந்து நடந்த எனக்கு, பார்வை இல்லாத அந்தப் பாதை அதைவிடப் பயமாக இருந்தது. ஏன் என்று அப்போதும் புரியவில்லை. படியை இரண்டிரண்டாக ஏறினேன்.

செவ்வாய்க்கிழமை மூன்று மணிபோல அந்த அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து தொலைபேசி எடுத்தார். காயம் ஆறச் சுணங்குகிறதாம், மருந்து மயக்கத்தில் இத்தனை நாளும் எடுக்க முடியவில்லையாம். குரல் மெலிந்திருந்தது.

"அவர்கள் எங்கே பார்க்கிறார்கள்?" என்றார்.

சும்மா கேட்கிற கேள்விபோல இருக்கவில்லை. "எங்கே பார்க்க வேண்டும்?" என்று கேட்டேன்.

"தெருவை. தெருவைத்தான். ஏன் கேட்கிறாய்?"

"தெருவைத்தான் பார்க்கிறார்கள்" என்று சொன்னேன்.

என் பேனை நின்ற இடம் இதுதான். ஒரு நிமிடத்தில் கீழே போய்த் திருப்பிவிடலாம், பிறகு சொன்னது உண்மையாகிவிடும் என்று நினைத்தேன். சுகமில்லாத மனுஷியை ஏன் கலங்கவைப்பான் என்றும் எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன். அது சாட்டு. அவர் என்னைக் குறைவாக நினைத்துவிடுவார் என்று பயந்துதான் சொன்னேன்.

கீழே ஓடினேன். நான் வார்த்த மூன்று வாளித் தண்ணீரும் நாய்களுக்கு அடியில் உறைந்து, கல்லோடு கல்லாய் இறுகிக் கிடந்தது. தோள் கொடுத்துத் தள்ளினேன். உதைத்தேன். கொதிதண்ணி ஊற்றினால் கல் வெடித்துவிடுமோ என்று பயம். இருட்டும்வரை முயன்றேன். அசையவே இல்லை. நாளைக்கு வெயில் வரும் என்று விட்டுவிட்டு வந்தேன்.

புதன்கிழமை வேலையில் நின்றபோது மனைவி தொலைபேசி எடுத்தாள்.

"இரத்தம் போகுதப்பா" என்றாள். "நான் அம்புலன்ஸுக்கு அடிச்சிட்டன். நீங்கள் நேரை ஆஸ்பத்திரிக்கு வாங்கோ. பயப்பிடாதேங்கோ." அவள் எனக்குச் சொன்னாள் பயப்படாதே என்று.

நான் போனபோது மருத்துவமாதும் இரண்டு டொக்டர்மாரும் அவளைச் சுற்றி நின்றார்கள். இரத்தம் நிற்காவிட்டால் இன்றைக்கே பிள்ளையை எடுக்க வேண்டும், எடுத்தால் தங்குமா என்று சொல்ல முடியாது என்றார்கள். பரிசோதிக்க வேண்டும், வெளியே இருங்கள் என்றார்கள். கதவு மூடியது.

அதே ஆஸ்பத்திரியில் மூன்று மாடிக்கு மேலேதான் அந்த அம்மா இருந்தார். கால் தானாகப் போனது.

கதவைப் பார்த்த கதிரையில் இருந்தார். என்னைக் கண்டதும் ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை.

"என்ன செய்தாய்?" என்றார்.

சொன்னேன். திருப்பியதையும், தண்ணீர் வார்த்ததையும், கீழே மனைவி இருப்பதையும்.

"எந்த நாள்?"

"சனிக்கிழமை."

"நேற்றுத்தான் நான் கேட்டேன்."

"ஓம்" என்று தமிழில்தான் வாயில் வந்தது.

"நேற்றே சொல்லியிருந்தால் நேற்றே இறங்கி வந்திருப்பேன்" என்றார்.

திட்டவில்லை. ஆனால் கதவிலிருந்து கண்ணை எடுத்துத் தரையைப் பார்த்தார். அந்த மனுஷி பயந்து நான் ஒருநாளும் கண்டதில்லை. என் உடம்பில் இருந்த கொஞ்ச நஞ்சத் தைரியமும் அதைப் பார்த்ததோடு போய்விட்டது.

"சக்கரக் கதிரையைக் கொண்டுவா."

கீழே கொண்டுவந்தேன். நடைபாதையின் நடுவால் தள்ளாதே, கரையால் தள்ளு என்றார். மனைவி இருந்த அறைக் கதவுக்கு ஒரு பக்கத்தில் தன்னை நிறுத்தச் சொன்னார், முகம் வெளியே பார்க்க. மறுபக்கத்தில் என்னை ஒரு கதிரை போட்டு இருக்கச் சொன்னார்.

"எனக்கு உங்கள் மந்திரம் ஒன்றும் தெரியாது" என்றேன்.

"உனக்கு மந்திரம் இல்லை. நான் வாயைத் திறக்கிறேன். நீ மூடு. என்ன வந்தாலும் திறக்காதே. என்ன வந்தாலும் பார். தெரியாவிட்டால் அது நிற்கக்கூடிய இடத்தைப் பார்."

அப்படியே வாயைத் திறந்தார். கொட்டாவி விடுவதுபோல இல்லை. அந்தக் கல்நாய் திறந்திருந்ததுபோல.

ஒரு இளம் தாதி வந்து கோப்பி வேண்டுமா என்று கேட்டாள். அவர் வாயை மூடாமல் கையை அசைத்து வேண்டாம் என்றார். அவள் என்னைப் பார்த்து, "உன் அம்மாவா?" என்று சிரித்தாள். வாய் திறக்க முடியாது. தலையை ஆட்டினேன். அதை நான் பொய்யாக எண்ணவில்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிள்ளையாரை மனதுக்குள் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். நடைபாதை முடிவில் லிஃப்ட் இருந்தது. ஆட்கள் வந்தார்கள், போனார்கள். பிறகு கொஞ்சம் ஒருவரும் இல்லாத நேரம். லிஃப்ட் கதவு திறந்தது. உள்ளே ஆள் இல்லை. மூடவும் இல்லை.

அந்த அம்மாவின் கண் லிஃப்டிலிருந்து நகர்ந்தது. மெதுவாக, ஒரு ஆள் நடக்கும் வேகத்தில், சுவரோரத்தால் அல்ல, பாதையின் நடுவால். எங்களுக்கு முன்னால் வந்து நின்றது. அவர் கதிரையின் கைப்பிடியைப் பிடித்து முன்னால் சாய்ந்தார். கழுத்து நரம்பு புடைத்தது. வாய் இன்னும் விரிந்தது. சத்தம் ஒன்றும் வரவில்லை. ஈரக் கல்லின் மணம் எனக்கு வந்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் சொன்னபடி, அது நிற்கக்கூடிய இடத்தைப் பார்த்தேன். கத்த வேண்டும் போலிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். கதவுக்கு உள்ளே மனைவி முனகுவது கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

லிஃப்ட் கதவு மூடிய சத்தம் கேட்டபோதுதான் மூச்சு விட்டேன். அதற்குப் பிறகும் அவர் வாயை மூடவில்லை. யன்னல் கறுத்த பிறகு டொக்டர் வெளியே வந்தார். இரத்தம் நின்றுவிட்டது, பிள்ளையின் இருதயம் நன்றாக அடிக்கிறது என்றார். அப்போது அந்த அம்மா வாயை மூடப் பார்த்தார். தாடை இறுகி மூட முடியவில்லை. இரண்டு கையாலும் நாடியைத் தள்ளி மூடினார்.

"வீட்டுக்குப் போ" என்றார். குரல் கரகரத்தது. "உப்புப் போட்ட இளஞ்சூட்டுத் தண்ணீர் விட்டுக் கிளப்பு. நீ என்ன செய்தாய் என்பதை, திருப்புவதற்கு முன்னால் அவர்களுக்குச் சொல்லு. உன் பாஷையிலேயே சொல்லு. எனக்குச் சொன்ன பொய்யையும் சொல்லு."

போனேன். ஐஸில் முழங்காலிட்டு, ஆறின கேத்தில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். மேல்மாடியில் ஒரு டென்மார்க்காரர் பல்கனியில் சிகரெட் பிடித்தபடி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெட்கம் பார்க்கவில்லை. "நான்தான் உங்களைத் திருப்பினனான். தெரியாமல் செய்தது. நேற்றுக் கேட்டதுக்குத் தெரிஞ்சுதான் பொய் சொன்னனான்" என்றேன். தெருவைப் பார்க்கத் திருப்பி வைத்தேன். திறந்த வாயிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டியது.

நாள் நிரம்பி மகள் பிறந்தாள். நல்ல சுகம்.

அந்த அம்மா தடியோடு வீடு வந்த அன்றே என்னிடம் திறப்பைக் கேட்டார். அவர்கள் வழக்கப்படி இரண்டு கையாலும் வாங்கி, குனிந்து நன்றி சொன்னார். அதன் பிறகு அதை எனக்குத் தரவே இல்லை. மகளைத் தூக்கி வைத்திருப்பார், மனைவியோடு சிரித்துக் கதைப்பார், வடைக்குத் தட்டுத் திரும்பி வரும். படலைக்குள் மட்டும் என்னை விடவில்லை. ஒருநாள், அன்று நடைபாதையில் என்ன வந்தது என்று கேட்டேன்.

"சொன்னால் நீ அதைத் தேடத் தொடங்குவாய்" என்றார்.

அவர் காலமாகி நாலு வருடம். அவருடைய அக்கா மகன் ஒருவர் ஜப்பானிலிருந்து வந்து கோயிலையும் நாய்களையும் எடுத்துப் போனார். அந்த இடத்தில் இப்போது சைக்கிள் கொட்டகை. நான் இன்றைக்கும் வீட்டுக்குள் வந்தால் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கொஞ்சம் நின்று காது கொடுப்பேன். மனைவிக்குத் தெரியும். ஒன்றும் கேட்கமாட்டாள்.

இதை இப்போது எழுதக் காரணம், எங்கள் கோயிலில் இந்தக் கதை வேறு மாதிரி நடமாடுகிறது. மனைவி தங்கைக்குச் சொல்ல, அவள் இன்னொருவருக்குச் சொல்ல, போன மாதம் அன்னதானப் பந்தியில் ஒரு அக்கா எனக்கு முன்னாலேயே சொன்னார்.

"இவர் அந்நிய தெய்வமெண்டும் பாராமல் அபிஷேகம் செய்தவர். அந்தப் பக்திக்குத்தான் பிள்ளையார் கிழவி வடிவத்திலை வந்து ஆஸ்பத்திரி வாசலிலை இருந்தவர்."

எல்லோரும் என்னைப் பார்த்துக் கைகூப்பினார்கள். பக்கத்தில் இருந்த மகள் டெனிஷில் கேட்டாள்: "அப்பா நாய்களைக் குளிப்பாட்டினபடியால்தான் நான் தப்பினேனா?"

"சாப்பிடு" என்றேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்த அம்மா கேட்டபோது ஒரு பொய் சொன்னேன். மகள் கேட்டபோது வாயை மூடிக்கொண்டு அதையே திரும்பவும் சொல்லிவிட்டேன். அன்று சொன்ன பொய்யால் என் வாசல் இன்னும் ஒரு நாள் காவல் இல்லாமல் கிடந்தது. அந்த ஒரு நாளில்தான் இரத்தம் போனது. இந்தப் பொய்க்கு எத்தனை நாள் திறந்து கிடக்கும் என்று எனக்குத் தெரியாது. அதனால் நேற்று மகளை இருத்திவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடிந்ததும் அவள், "அவவுக்குச் சொல்லியிருக்கலாமே அப்பா" என்று தமிழில் சொன்னாள்.

வாசிக்கிற நீங்கள் இதை யாருக்காவது சொல்வீர்கள். சொல்லுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பிள்ளையார் வந்தார் என்று சேர்க்காதேயுங்கள், நாய் குரைத்தது என்றும் சேர்க்காதேயுங்கள். எனக்காக இரக்கப்பட்டு ஒன்றையும் எடுத்துவிடவும் வேண்டாம். சுகமில்லாமல் படுத்திருந்த ஒரு மனுஷி தொலைபேசியில் என்னை நம்பி ஒரு கேள்வி கேட்டார். நான் தெரிந்துகொண்டு பொய் சொன்னேன். அது இருக்கிற இடத்தில் அப்படியே இருக்கட்டும்.